ரீவாக்ஸ் ஏ 77: ஹெட்டைப் பார்த்த பிறகே ஆர்டர்

பழைய ஸ்பூல் டேப் டெக் ஒன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் கண்டென்சர்களை மாற்றத்தான் துடிக்கிறார்கள். நான் முதலில் எடுப்பது டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும். டேப்பைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் ஹெட் தேய்ந்து போயிருந்தால் மற்ற வேலையெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். கண்டென்சர், ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ரப்பர் உருளையைக்கூட யாரோ ஒருவர் புதிதாக வார்த்துத் தருகிறார். ஹெட்டும், டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் கேப்ஸ்டன் தண்டும் அப்படியல்ல. அவை கெட்டிருந்தால் செலவும் காத்திருப்பும் வேறு கணக்காகிவிடும். வெளிநாட்டிலிருந்து எதை வரவழைப்பது, எந்த வரிசையில் வரவழைப்பது என்பதை அந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதுதான்.

ரீவாக்ஸ் ஏ 77 டெக்கை ஸ்விட்சர்லாந்தில் வில்லி ஸ்டூடரின் நிறுவனம் 1967இல் வெளியிட்டது. 1977இல் பி 77 அதன் இடத்துக்கு வரும்வரை நான்கு பதிப்புகளாகத் தயாரானது. மூன்று மோட்டார், மூன்று ஹெட், 26.5 செ.மீ. ஸ்பூல் வரை ஏற்கும் அகலம், ஏறத்தாழ 15 கிலோ எடை. என்னிடம் வந்தது விநாடிக்கு 9.5, 19 செ.மீ. வேகங்களில் ஓடும் இரண்டு டிராக் மாடல், அதாவது டேப்பின் அகலத்தை இரண்டாகப் பிரித்துப் பதிவது. வேலை செய்கிறதா என்று கொடுத்தவருக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக யாரும் பிளக்கைச் செருகவில்லை. ஒருவகையில் அது நல்ல செய்தி. பழுதான மெஷினைவிட அரைகுறையாகப் பழுது பார்க்கப்பட்ட மெஷின்தான் அதிகம் படுத்தும். இதில் யாரும் கை வைத்த அடையாளமே இல்லை. திருகுகளின் தலைகள்கூடச் சிதையாமல் இருந்தன.

ஹெட்டின் முகத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். டேப் உரசி உரசி வளைந்த முகத்தில் ஒரு தட்டையான பட்டை உண்டாகியிருக்கும். அந்தப் பட்டையின் அகலம் எவ்வளவு என்பதைவிட, மேலிருந்து கீழ்வரை அது ஒரே அகலமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் டேப் சாய்வாக ஓடியிருக்கிறது என்று பொருள். பட்டையின் நடுவில் மெல்லிய கோடாகத் தெரிவது இடைவெளி, அதாவது கேப். அந்தக் கோடு கூர்மையாக இருக்க வேண்டும். அகன்று மங்கியோ ஓரம் உதிர்ந்தோ இருந்தால் ஹெட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. இதில் பிளேபேக் ஹெட்டின் பட்டை சீராக இருந்தது. கோடும் தெளிவாகத் தெரிந்தது. டேப்பின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் படும் இடங்களில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவு ஒரு சிறு படி இருந்தது. அந்தப் படியைத் தேய்த்து எடுத்து முகத்தை மறுபடி வளைவாக்கித் தரும் பட்டறைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. இப்போதைக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தேன். கேப்ஸ்டன் தண்டில் பழைய டேப்பின் பழுப்புப் பூச்சு அப்பியிருந்தது. துடைத்தபின் கீறலோ துருவோ இல்லை. ஆக, இந்த மெஷினை எழுப்பலாம்.

பிளக்கைச் செருகும் பேச்சு அதன் பிறகும் இல்லை. மெயின்ஸ் மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கண்டென்சர்கள் அந்தக் காலத்தில் உலோகப் பூச்சுக் காகிதத்தால் செய்யப்பட்டவை. காகிதத்தைத் தேன் நிறத்தில், உள்ளே இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிவான பிசினில் வார்த்திருப்பார்கள். மெஷினுக்குள் இருந்த ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிசின் முழுவதும் நுண்ணிய வெடிப்புகள், வெயிலில் காய்ந்த குளத்து வண்டலைப்போல. ஒரு மூலையில் வெடிப்பு உள்ளே இருக்கும் காகிதச் சுருள்வரை போயிருந்தது. அதன் வழியே காற்றின் ஈரம் உள்ளே போய்க் காகிதத்தில் ஊறும். மின்சாரம் பாய்ந்ததும் காகிதம் சூடாகி, பிசின் பிளந்து, அறை முழுக்க நெடியடிக்கும் புகை கிளம்பும். மெஷின் அணைத்திருக்கும்போதே இது நடக்கலாம், ஏனென்றால் சில இடங்களில் இந்தக் கண்டென்சர் சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கும். மீட்டரில் அளந்தால் மதிப்பு சரியாகக்கூடக் காட்டும். அதை நம்பக்கூடாது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலும் மாற்றிவிடுவதே முறை.

மாற்றாக வாங்க வேண்டியது எக்ஸ் 2 என்று குறிக்கப்பட்ட பாலிபுரோபிலீன் கண்டென்சர், 275 வோல்ட் ஏசி தாங்கக்கூடியது. 400 வோல்ட் டிசி என்று அச்சிட்ட சாதாரண பிலிம் கண்டென்சரைப் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. எக்ஸ் 2 வகை, மெயின்ஸில் வரும் திடீர் மின்னழுத்த ஏற்றங்களைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது; கெட்டாலும் தீப்பிடிக்காத வகையில் செய்யப்பட்டது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இந்தக் கட்டத்தில் சர்வீஸ் மேனுவலை வைத்துக்கொண்டு ஆற அமரப் பட்டியல் எழுதினேன். ஏ 77இன் மேனுவல் இணையத்தில் கிடைக்கிறது. சர்க்யூட் வரைபடம், பாகங்களின் எண்கள், சரிசெய்யும் முறை எல்லாமே அதில் உண்டு. ஒவ்வொரு போர்டிலும் 1.077 என்று தொடங்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கடைசி இலக்கங்கள்வரை குறித்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டு ஓடிய தயாரிப்பில் ஒரே பெயருள்ள போர்டு பலமுறை மாறியிருக்கிறது. ‘ஏ 77 முழு கண்டென்சர் கிட்’ என்று ஜெர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் பொட்டலங்கள் விற்கிறார்கள். தரம் குறைவில்லை. ஆனால் எந்தப் பதிப்புக்கு என்று கேட்காமல் வாங்கினால் பாதி மிஞ்சும், நாலைந்து குறையும். நான் கிட் வாங்காமல் என் போர்டுகளைப் பார்த்தே பட்டியல் போட்டேன். எழுதும்போதே சர்க்யூட் மனதில் பதிந்துவிடுகிறது. பின்னால் கோளாறு தேடும்போது அந்தப் பழக்கம்தான் கை கொடுக்கிறது.

பட்டியல் மூன்றாகப் பிரிந்தது. முதலாவது, எந்தப் பெரிய மின்னணு விநியோகஸ்தரிடமும் கிடைப்பவை: எக்ஸ் 2, எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள், டிரிம்மர்கள் (திருகி அளவைத் திருத்தும் சிறு ரெசிஸ்டர்கள்), டிரான்சிஸ்டர்கள். மவுசர், டிஜிகீ, ஃபார்னெல் போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் வாங்கினால் போலி வரும் என்ற கவலை இல்லை. இரண்டாவது, இந்த மெஷினுக்கென்றே யாரோ செய்பவை: பிஞ்ச் ரோலர் (டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை), பிரேக் பட்டை, எண் காட்டும் கவுண்டருக்கான பெல்ட். ஏ 77இல் கேப்ஸ்டன் தண்டே மோட்டாரின் அச்சு என்பதால் டேப்பை ஓட்ட பெல்ட் கிடையாது, கவுண்டருக்கு மட்டும்தான். மூன்றாவது, இனி யாரும் செய்யாதவை: அலங்காரத் தகடு, குமிழ்கள், முகப்பு மூடி. இவை வேறொரு செத்த மெஷினிலிருந்துதான் வர வேண்டும். இந்த மெஷினில் ஒரு குமிழின் உலோக மூடி மட்டும் விழுந்திருந்தது. அது கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று விட்டேன்.

‘பயன்படுத்தாத பழைய கையிருப்பு’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் பலருக்கு ஆசை வரும். எது பழைய கையிருப்பாக வாங்கத்தக்கது, எது தகாதது என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹெட், பேரிங், சுவிட்ச், கண்ணாடி விளக்கு ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டப்பாவுக்குள் அவை மூப்படைவதில்லை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், ரப்பர், காகிதக் கண்டென்சர் ஆகியவற்றை வாங்கக்கூடாது. ஐம்பது ஆண்டு அலமாரியில் இருந்த ரப்பர் உருளையும் ஐம்பது ஆண்டு மெஷினில் இருந்த ரப்பர் உருளையும் ஒரே வயதுதான். எலக்ட்ரோலிட்டிக்கின் உள்ளே இருக்கும் திரவம் உறை பிரிக்காவிட்டாலும் காய்ந்துபோகும்.

பிஞ்ச் ரோலரை மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், அளவு சொல்லி வாங்கினேன். வெர்னியர் காலிப்பரால் வெளி விட்டம், அகலம், உள்துளை மூன்றையும் அளந்து, கையால் ஒரு படம் வரைந்து, அதைப் படமெடுத்து அனுப்பினேன். பழைய ரப்பர் தேய்ந்திருப்பதால் அதன் விட்டம் மூல அளவு அல்ல என்பதையும் எழுதினேன். விற்பவர் திரும்பக் கேட்ட ஒரே கேள்வி, என் உருளையின் பேரிங் உள்ளேயே பதிந்ததா, கழற்றக்கூடியதா என்பது. இப்படிக் கேட்பவரிடம் நம்பி வாங்கலாம். அளவு எதையும் கேட்காமல் ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று பதில் எழுதுபவரிடமிருந்து நான் ஒதுங்கிவிடுவேன். கவுண்டர் பெல்ட்டுக்கும் இதே முறைதான். பழைய பெல்ட்டை அளக்கக்கூடாது, அது நீண்டுபோயிருக்கும். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி நீளம் எடுத்து, அதில் கொஞ்சம் குறைத்து, குறுக்குவெட்டு சதுரமா தட்டையா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பார்சல் என்றால் பொருளைவிடக் காகிதத்தில்தான் தாமதம். உலகச் சுங்க அமைப்பு வகுத்த சரக்கு எண்களின் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. ஒலிப்பதிவுக் கருவிகளின் பாகங்கள் 8522 என்ற தலைப்பில் வரும். கண்டென்சர் 8532, டிரான்சிஸ்டர் 8541. வெற்று டேப்பும் பதிவு செய்த டேப்பும் 8523. இந்த எண்ணையும், ‘டேப் ரிக்கார்டருக்கான ரப்பர் உருளை, 1 எண்ணிக்கை’ என்பது போன்ற தெளிவான விவரத்தையும் விற்பவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவேன். ‘பழைய எலக்ட்ரானிக்ஸ்’ என்று மொட்டையாக எழுதிய பார்சல்தான் பிரித்துப் பார்க்கப்படுகிறது, கேள்வி கேட்கப்படுகிறது. மதிப்பைக் குறைத்து எழுதுமாறும் ‘அன்பளிப்பு’ என்று போடுமாறும் கேட்கவே கூடாது. சட்டப்படி தவறு என்பதோடு, பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான். வரியை யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அனுப்புபவரே கட்டி அனுப்பும் முறை ஒன்று, நாம் இங்கே கட்டி எடுக்கும் முறை இன்னொன்று. இரண்டாவதில் கூரியர் நிறுவனம் பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கையாளும் கட்டணமும் சேர்க்கும். உள்ளே இருப்பது ஒரு திருகானாலும் அந்தக் கட்டணம் அதேதான். ஆகவே ஒரே இடத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டேன்.

விமானத்தில் ஏற்றக்கூடாத சரக்கும் உண்டு. அழுத்தமூட்டிய ஸ்ப்ரே டப்பா, எரியும் கரைப்பான்கள் இவற்றைத் தூர தேசத்திலிருந்து ஆர்டர் செய்து பயனில்லை. அருகில் கிடைப்பதை வாங்க வேண்டியதுதான். டேப்பை எக்ஸ்ரே கெடுத்துவிடும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். காந்தப் பதிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்வதில்லை. பயப்பட வேண்டியது காந்தத்துக்கு. டேப் வைத்த பார்சலிலேயே ஸ்பீக்கரையோ மோட்டாரையோ சேர்த்துக் கட்டச் சொல்லக்கூடாது.

கண்டென்சர்களும் டிரிம்மர்களும் முதலில் வந்து சேர்ந்தன. ஏ 77இன் ஆம்ப்ளிபயர் போர்டுகள் செருகி எடுக்கும் வகை. ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். இப்படியொரு வசதியை 1967இல் யோசித்தவர்களை மனமார வாழ்த்திக்கொண்டே வேலை செய்தேன். அந்தக் காலத்துப் போர்டில் செம்புப் பட்டை அதிகச் சூட்டைத் தாங்காது. பற்றவைக்கும் கருவியின் நுனியை நெடுநேரம் வைத்தால் பிரிந்து எழும்பிவிடும். பழைய ஈயப் பற்று (சால்டர்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாப் பற்று உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய போர்டில் நான் வெள்ளீயம் 63க்கு ஈயம் 37 என்ற விகிதப் பற்றையேதான் பயன்படுத்துகிறேன். பழைய பற்றின்மேல் கொஞ்சம் புதுப் பற்றை உருகவிட்டு, பிறகு உறிஞ்சி எடுத்தால் பாகத்தின் கால் சிரமமில்லாமல் கழன்று வரும். ஒரு கண்டென்சரைக் கழற்றினால் அதே இடத்தில் புதியதைப் போட்டு, துருவத்தைச் சரிபார்த்து, பட்டியலில் கோடு போட்ட பிறகே அடுத்ததற்குப் போனேன். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் பின்னால் போடும் முறை எனக்கு ஒத்துவராது.

திறந்த கார்பன் டிரிம்மர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று கழற்றும் முன் ஓம் அளவில் குறித்து, புதியதையும் அதே அளவுக்குத் திருப்பி வைத்தே பற்றவைத்தேன். அப்படிச் செய்தால் முதல் ஓட்டத்தில் மெஷின் ஏறக்குறைய சரியான நிலையில் எழும். பிறகு நுட்பமாகத் திருத்தினால் போதும்.

பிறகு சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம்; மெஷினோடு தொடராக இணைத்த பல்பு, உள்ளே ஷார்ட் இருந்தால் தானே எரிந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அதற்கு முன் பின்புறத்து வோல்டேஜ் தேர்வியைப் பார்க்க வேண்டும். இந்த டெக் 110 முதல் 250 வோல்ட் வரை பல நிலைகளில் ஓடும். கடைசியாக எந்த நாட்டில் இருந்ததோ அந்த நிலையில் விட்டிருப்பார்கள். நிலையை மாற்றினால் ஃபியூஸின் அளவும் மாற வேண்டும். அலைவரிசை 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது ஏ 77க்குப் பொருட்டே இல்லை. கேப்ஸ்டன் மோட்டாரின் சுழலும் விளிம்பில் பற்கள் வெட்டியிருக்கிறார்கள். அருகில் உள்ள சிறு சுருள் அந்தப் பற்கள் கடப்பதைக் கணக்கெடுத்து, வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்துகிறது. எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டிலும் வேகம் மாறாது. மெயின்ஸ் அலைவரிசையை நம்பி ஓடும் பழைய டர்ன்டேபிள்கள் அப்படியல்ல. 60 ஹெர்ட்ஸுக்கான புல்லியோடு வந்த ரெக்கார்டு பிளேயரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து டர்ன்டேபிள் வாங்க நினைப்பவர்கள் புல்லியையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. புகை இல்லை, நெடி இல்லை. மின்னழுத்தங்கள் மேனுவல் சொன்ன எல்லைக்குள் இருந்தன. பழைய டேப் ஒன்றைப் போட்டதும் இரண்டு பக்கமும் ஒலி வந்தது. ஆனால் இடது பக்கத்தில் ‘பொரு பொரு’ என்று ஓயாத இரைச்சல். செருகும் போர்டு என்பதால் சோதனை எளிது. இடது பிளேபேக் போர்டையும் வலதையும் இடம் மாற்றினேன். இரைச்சலும் கூடவே வலதுக்குப் போனது. ஆக ஹெட்டிலோ வயரிலோ கோளாறில்லை, போர்டில்தான். குளிர்விக்கும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு டிரான்சிஸ்டராகப் பீய்ச்சியபோது, உள்ளீட்டில் இருந்த உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரில் இரைச்சல் சட்டென்று அடங்கி, சூடேறியதும் திரும்பி வந்தது.

அது பிசி 109 வகை. அதே பழைய உலோகத் தொப்பியோடு வேண்டும் என்று இணையச் சந்தையில் ஒருவரிடமிருந்து ஒரு பொட்டலம் வாங்கியிருந்தேன். அதைப் பிரித்துப் பார்த்தபோதே சந்தேகம் தட்டியது. எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தத்தில், ஒரே வெண்மையில் இருந்தன. கால்களோ ஒரு முறை பற்றவைத்துக் கழற்றியவைபோல மங்கலாக இருந்தன. அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்தேன். எழுத்து கரைந்து போய், அடியில் வேறு ஏதோ எண்ணின் தடம் தெரிந்தது. சி பிரிவு டிரான்சிஸ்டரின் மின்பெருக்கம் 420 முதல் 800 வரை இருக்க வேண்டும். இவற்றில் எதுவுமே 150ஐத் தாண்டவில்லை. மொத்தமும் குப்பைக்குத்தான் போயின. பழைய உருவம் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால், பிசி 550 சி இதற்குப் போதுமானது. இரைச்சல் குறைவு, இன்றும் எளிதில் கிடைக்கிறது. உலோகத் தொப்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்குக்கு அருகில் உள்ள கால் எமிட்டர்; பிளாஸ்டிக் பிசி 550இன் தட்டைப் பக்கத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். இதைப் பார்த்துப் போட்டபின் இரைச்சல் அறவே போயிற்று. வலது போர்டிலும் அதே இடத்தில் மாற்றிவிட்டேன், இரு பக்கமும் ஒரே குணத்தில் இருக்கட்டும் என்று.

பிஞ்ச் ரோலர் வந்ததும் முதலில் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது கண்ணாடிபோல் பளபளத்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. புதியது மங்கலான கறுப்பு, விரலுக்குப் பிடிப்புக் கொடுத்தது. அதைப் பொருத்தும் முன் கேப்ஸ்டன் பேரிங்குக்கு எண்ணெய் வேலையை முடித்தேன். வெண்கலத் துகள்களை அழுத்திச் செய்த பேரிங் எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சி வைத்திருக்கும். பழைய எண்ணெய் பிசுபிசுத்துப் போனால் புதியதை மேலே ஊற்றிப் பயனில்லை. கழுவி, காயவிட்டு, பேரிங்குக்கென உள்ள செயற்கை எண்ணெயில் ஊறவிட வேண்டும். துரு நீக்கும் ஸ்ப்ரே இங்கே எதிரி. அது சில நாளில் ஆவியாகி, இருந்த எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ஊறியபின் தண்டின் மேற்பகுதியை ஆல்கஹாலால் எண்ணெய்த் தடமில்லாமல் துடைத்தேன். ஒரு துளி எண்ணெய் உருளைக்கு ஏறினாலும் டேப் வழுக்கும்.

கடைசியாக வந்து சேர்ந்தது அளவுத்திருத்த டேப், அதாவது மெஷினை ஒப்பிட்டுச் சரிசெய்யத் துல்லியமான அளவில் ஒலிகளைப் பதிந்த டேப். இதை வாங்காமல் பழுது பார்த்து முடித்தேன் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவின் மேக்னடிக் ரெஃபரன்ஸ் லேபரட்டரி போன்ற நிறுவனங்கள் இவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து விற்கின்றன. ஆர்டர் செய்யும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வேகம், சமனாக்க முறை (உச்ச ஒலிகளை எவ்வளவு ஏற்றி இறக்குவது), காந்தப் பாய அளவு (டேப்பில் பதியும் காந்தத்தின் வலிமை). 19 செ.மீ. வேகத்தில் என்ஏபி என்ற அமெரிக்கத் தரத்துக்கு 50 மைக்ரோ விநாடி, ஐஇசி என்ற சர்வதேசத் தரத்துக்கு 70 மைக்ரோ விநாடி. ஒன்றில் பதிந்ததை இன்னொன்றில் ஓட்டினால் உச்ச ஒலிகளில் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும் அல்லது குறையும். பாய அளவும் அப்படியே. டேப்பின் 1 மீட்டர் அகலத்துக்கு 185 நானோவெபர் என்று வைத்துச் சரிசெய்ததும் 250 என்று வைத்துச் சரிசெய்ததும் 2.6 டெசிபல் வேறுபடும்.

டேப்பைப் போடும் முன் மெஷினை அணைத்து, ஹெட்டிலும் வழிகாட்டிகளிலும் தங்கிய காந்தத்தை நீக்கினேன். காந்தநீக்கியை ஹெட்டின் அருகே ஆன் செய்யவும் கூடாது, ஆஃப் செய்யவும் கூடாது. ஒரு கை தூரத்தில் ஆன் செய்து, மெல்ல அருகே கொண்டுவந்து, மெல்ல விலக்கி, பிறகே அணைக்க வேண்டும். அளவுத்திருத்த டேப் அந்த நேரத்தில் அடுத்த அறையில் இருந்தது.

முதலில் வேகம். 3,150 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டிக் கணினியில் அளந்தேன். ஒரு சதவீதப் பிழை என்றால் 31.5 ஹெர்ட்ஸ் விலகும். வேக டிரிம்மரைக் கொஞ்சம் திருப்பியதும் சரியானது. அடுத்தது ஹெட்டின் சாய்வு. விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை டேப்பில் 19 மைக்ரோமீட்டர் நீளம்தான். கேப் அந்த அளவில் துளி சாய்ந்தாலும் உச்ச ஒலி மங்கிவிடும். மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் இரு உள்ளீடுகளிலும் இடது வலது சிக்னலைக் கொடுத்து, முதலில் 1 கிலோஹெர்ட்ஸில் கோடு நேராகும்வரை திருகைத் திருப்பினேன். பிறகுதான் 10 கிலோஹெர்ட்ஸ். நேரடியாக 10இல் தொடங்கினால் ஒரு முழு அலை தள்ளிப்போன இடத்திலும் கோடு நேராகத் தெரியும், ஏமாந்துவிடுவோம். திருகு கடுகளவு திரும்பும்போது திரையில் நீள்வட்டம் ஒடுங்கி, ஒற்றைக் கோடாகி, மறுபக்கம் மீண்டும் விரிவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பரவசம் தருவது.

தாழ்ந்த அலைவரிசைகளில் மட்டும் மீட்டர் கொஞ்சம் உயர்த்திக் காட்டியது. டேப்பின் முழு அகலத்திலும் பதிந்த ஒலியை அரை அகல ஹெட் படிக்கும்போது ஓரங்களிலிருந்தும் பாயம் சேர்வதால் வரும் விளைவு அது; டேப்போடு வந்த தாளில் அதற்கான திருத்தமும் அச்சிட்டிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் மேனுவல் எல்லைக்குள் வந்தன.

பதிவு செய்யும் பக்கம் இன்னும் பாக்கி. பயாஸ் என்பது பதிவு தெளிவாக விழுவதற்காக ஒலியோடு சேர்த்து ஹெட்டுக்குக் கொடுக்கும், காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசை மின்னோட்டம். ஏ 77இல் அதன் அலைவரிசை 120 கிலோஹெர்ட்ஸ். அதன் அளவு எந்த டேப்பில் பதிவோம் என்பதைப் பொறுத்தது. ஆகையால் டேப்பைத் தேர்ந்தெடுக்காமல் பயாஸைத் திருகுவதில் அர்த்தமில்லை. பிரான்ஸில் தயாராகும் எல்பிஆர் 35 என்ற 35 மைக்ரோமீட்டர் மெல்லிய டேப்பைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டிருக்கிறேன். அதே பார்சலில் வர, டேப் ஒட்டும் வெட்டுக்கட்டையும் ஒட்டுநாடாவும் சேர்த்திருக்கிறேன். அது வந்ததும் 10 கிலோஹெர்ட்ஸைப் பதிந்துகொண்டே பயாஸை ஏற்றி, வெளியீடு உச்சத்துக்குப் போய், அங்கிருந்து டேப்புக்குரிய அளவு இறங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு பதிவு மட்டமும் பதிவுச் சமனாக்கமும். அந்த அளவுகளையும் டேப்பின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பின்மூடியின் உட்பக்கம் ஒட்டிவைப்பேன். அடுத்து இதைத் திறப்பவர் என்னிடம் கேட்காமலே வேலையைத் தொடங்கலாம்.